மூன்று டன் வண்டியின் பாரம்

அந்தப் பட்டாலியனில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. கர்னல் முதல் சமையல்காரர் வரை எல்லாருக்கும் அவர் பூட்டுக்காரர்தான். ஸ்டோருக்குப் பொறுப்பான சார்ஜென்ட். இடுப்பில் பதினேழு சாவி. யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் கை சாவிக்குப் போகாது. பூட்டுக்குப் போய், அது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்கும். புதிதாக வந்த சிப்பாய்கள் அவரைக் கஞ்சன் என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது.

காகிதத்தில் மட்டும் எல்லாம் இருந்தது. வயர்லெஸ் பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் தலைமையகத்துக்குப் போகும் படிவத்தில் இருபத்து நான்கு பேட்டரி, எல்லாம் நல்ல நிலையில். உண்மையில் உயிரோடு இருந்தவை ஐந்து. ஒரு பேட்டரி செத்தால் அதைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் ஏன் செத்தது, எப்படிச் செத்தது, யார் கையில் செத்தது என்று நான்கு பிரதியில் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் போனால் அப்போதிருக்கும் கர்னலின் பதவி உயர்வுக் கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். ஆகவே செத்ததைச் செத்தது என்று எழுதும் வழக்கமே அங்கே இல்லை. செத்த பேட்டரிகளைத் துடைத்து, மெழுகு பூசி, வரிசையாக அடுக்கி வைப்பார்கள். சோதனைக்கு வரும் அதிகாரி எண்ணுவார், தலையாட்டுவார், டீ குடிப்பார், போய்விடுவார்.

இதைப் பூட்டுக்காரர் தொடங்கி வைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் பொறுப்பேற்ற அன்று அவர் ஒவ்வொரு பேட்டரியாகச் சோதித்துப் பார்க்கத்தான் உட்கார்ந்தார். பழைய சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தார். “தம்பி, என் வண்டி மூணு மணிக்கு. கையெழுத்தப் போடு, போகப் போகப் புரியும்.” போட்டார். போகப் போக நன்றாகவே புரிந்தது. ஒரு தடவை கையெழுத்துப் போட்டவன் அடுத்த மாதம் மாற்றி எழுதினால், பழையவன் தின்றதை எல்லாம் இவன் தின்றதாக ஆகிவிடும். அதனால் மாதா மாதம் அதே இருபத்து நான்கை எழுதினார்.

இப்போது பட்டாலியன் ஒரு மலை முகட்டில் கிடந்தது. நானூறு பேர். மேலே வர ஒரே பாதை. பதினொரு நாளுக்கு முன், விடாமல் பெய்த மழையில், அந்தப் பாதையில் முக்கால் மைல் நீளம் அப்படியே சரிந்து பள்ளத்துக்குள் போனது. போகும்போது ஒரு மூன்று டன் லாரியையும் அதன் டிரைவரையும் கூட்டிக்கொண்டு போனது.

டிரைவரை எல்லாரும் ஹாரன் என்று கூப்பிட்டார்கள். வளைவு வந்தால் ஹாரன், ஆள் வந்தால் ஹாரன், ஆளே இல்லாவிட்டாலும் மலைக்கு ஒரு மரியாதையாக ஹாரன். பூட்டுக்காரருக்கு அவர் வெறும் டிரைவர் இல்லை. கீழே நகரத்தில் ராணுவக் குடியிருப்பில் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால் அந்தப் பக்கம் என்ன உடைந்தது என்று கேட்பார்கள். ஹாரனின் மனைவி பூட்டுக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனால் முதல் வேளைச் சாப்பாடு அவள் கையால்தான். பூட்டுக்காரரின் மனைவியே அதற்கு வழிவிட்டிருந்தாள். ஹாரனுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு.

அன்று லாரியில் போனவை பதினாறு காலி மண்ணெண்ணெய் டிரம், ஒரு தபால் பை. கீழே போய் டிரம்களை நிரப்பிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாரம் மொத்தம் முன்னூறு கிலோ தேறும். டிரம்களை ஏற்றியவர் பூட்டுக்காரர், வண்டியில் என்ன போகிறது என்று கேட் சீட்டு எழுதியவரும் அவரே. மூன்றாம் நாள் ஹாரனின் உடலைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். லாரி மண்ணுக்குள்ளேயே கிடந்தது. பூட்டுக்காரர் ஸ்டோர் கூடாரத்துக்குள் போய், திரையை இழுத்து விட்டுக்கொண்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

அழுவதற்கு அதற்குமேல் நேரம் கிடைக்கவில்லை. பக்கத்து முகட்டில், நான்கு மணி நேர நடையில், பதினான்கு பேர் கொண்ட ஒரு முன் போஸ்ட் இருந்தது. எதிர்ச் சரிவில் எதிரி நடமாடினால் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். சொன்னால் இங்கிருந்து பீரங்கி சுடும்; சொல்ல முடியாவிட்டால் பதினான்கு பேரும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் கையில் கடைசி பேட்டரி. இங்கே சார்ஜ் ஏற்றும் எந்திரத்துக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. மணிக்கு ஒரு தடவை பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பேசினார்கள், பிறகு ஒரு தடவை.

மேகம் விலகினால் ஹெலிகாப்டர் வரும், தேவையைச் சொல்லுங்கள் என்றது தலைமையகம். வயர்லெஸ்ஸில் கேப்டன் பேட்டரி கேட்டார்.

“ஒங்ககிட்டதான் இருபத்து நாலு இருக்கே” என்றது மறுமுனைக் குரல். “போன மாசம் ஒங்க கர்னலே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரு. அத வச்சு ஓட்டுங்க. ஒண்ணுமே இல்லாம ரெண்டு பட்டாலியன் இங்க கெஞ்சிக்கிட்டு இருக்கு.”

கர்னலின் கூடாரத்தில் மூன்று பேர்: கர்னல், கேப்டன், பூட்டுக்காரர். கர்னல் கெட்டவர் இல்லை. பதவி உயர்வு அடுத்த மாதம் வருவதாக இருந்தது, அது ஒன்றுதான் அவரிடம் இருந்த வியாதி. கேப்டன் கெட்டிக்காரர். அவர்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

“சார், அந்தப் பேட்டரி எல்லாம் ஹாரன் வண்டியில போயிருந்தா?”

“எங்க போயிருந்தா?”

“கீழ சார்ஜ் போட. பத்தொம்பது பேட்டரி. வண்டியோட மண்ணுக்குள்ள போயிடுச்சு. அப்படி எழுதினா அவங்க குடுத்துதானே ஆகணும்?”

கர்னல் திரும்பி வரைபடத்தைப் பார்த்தார். பெரிய அதிகாரி வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்தால் சரி என்று அர்த்தம்.

பூட்டுக்காரருக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்துப் பயனில்லை. ஆறு வருடமாக மெழுகு பூசிக் காத்த பத்தொன்பது பிணங்களையும் ஒரே குழியில் போட்டு மூட வழி கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஹாரனின் முகம் நினைவுக்கு வந்தது.

“இதனால அவருக்கு ஒண்ணும் கெட்ட பேர் வராதே சார்?”

“செத்தவருக்கு என்னங்க கெட்ட பேர்? ஒரு வகையில பாத்தா, செத்தும் பதினாலு பேரக் காப்பாத்திட்டுப் போறாரு” என்றார் கேப்டன். “அந்தக் கேட் சீட்டு நகல் ஒங்ககிட்டதானே இருக்கு?”

இருந்தது. வெளியே டீ கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் பூட்டுக்காரரே அதைப் போட்டார். பதினாறு காலி டிரம், ஒரு தபால் பை என்று எழுதியிருந்த ஒரே காகிதம் அதுதான்.

இந்த மாதிரிச் செய்தி கூடாரத்துக்குள் அடங்கிக் கிடக்குமா? பட்டியல் எழுத உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் பட்டாலியனின் நான்கு கம்பெனி ஸ்டோர்க்காரர்களும் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு அறுபது கம்பளி குறைகிறது. ஒருவருக்கு நான்கு பைனாகுலர், பதினொரு அடுப்பு. இன்னொருவர் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டு வந்தார். அதாவது கொண்டு வரவில்லை, இந்தப் பட்டாலியனில் யாருமே கண்ணால் பார்த்திராத, காகிதத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டரின் பெயரைக் கொண்டு வந்தார். நான்காமவருக்கு நூறு முள்வேலிச் சுருள், இருநூறு இரும்புக் கம்பம். அதிகாரிகள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து முப்பது இரும்பு நாற்காலி. சமையல்காரர் தயங்கித் தயங்கி ஒரு பெரிய அண்டாவைச் சொன்னார்.

“அண்டா எதுக்குய்யா சார்ஜ் போடக் கீழ போகுது?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“ஓட்டைண்ணே. அடைக்கப் போச்சுன்னு எழுதிக்குங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். பூட்டுக்காரரும் சிரித்தார். வாழ்நாளில் முதல்முறையாக, கேட்டவருக்கெல்லாம் அவரால் சரி என்று சொல்ல முடிந்தது. ஹாரன் வண்டி எதையும் மறுக்கவில்லை. பத்து வருடத்து ஓட்டைகளை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு, மண்ணுக்கு அடியில் அது பாட்டுக்குக் கிடந்தது. கர்னல் கையெழுத்துப் போட்டார். பட்டியலை வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு வரியாகப் படித்து அனுப்பினார்கள். உருப்படிகளை மூன்று பேர் மூன்று தடவை எண்ணிச் சரிபார்த்தார்கள். எடையை மட்டும் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. எண்ணிக்கைதான் இவர்களுக்குப் பழக்கம். எடை லாரியின் பாடு, டிரைவரின் பாடு.

பதினான்காம் நாள் மேகம் கிழிந்தது. ஹெலிகாப்டர் வந்தது. இருபது புதுப் பேட்டரி இறங்கியது. ஆறு பேர் தோளில் போட்டுக்கொண்டு ஓடாத குறையாக முன் போஸ்ட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை அந்தப் போஸ்ட் பேசியது: எதிர்ச் சரிவில் நாற்பது ஐம்பது பேர் இறங்குகிறார்கள். பீரங்கி சுட்டது. பதினான்கு பேரும் தப்பினார்கள். கேப்டன் ஸ்டோருக்கே வந்து பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அதே ஹெலிகாப்டரில் ஒரு மேஜரும் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, குரலே உயர்த்தாத மனிதர். லாரி விபத்தை விசாரிக்க வந்தவர். ஒரு சாவு என்றால் ஒரு விசாரணை உண்டு என்பதை இவர்கள் மறந்தே போயிருந்தார்கள். பதினாறாம் நாள் காலை அவர் ஸ்டோர் கூடாரத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, பட்டியலை மடியில் வைத்து, ஓரத்தில் பென்சிலால் எண்களை எழுதிக்கொண்டே போனார். கடைசியில் கோடு போட்டுக் கூட்டினார்.

“ஏழாயிரத்து இருநூறு கிலோ” என்றார். “மூணு டன் வண்டி.”

பூட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“ஜெனரேட்டருக்கு மேல நாற்காலி, நாற்காலிக்கு மேல அண்டா. வண்டிக்கு மாடி ஏதாவது கட்டியிருந்தீங்களா?” என்று கேட்டார் மேஜர். கேலியாகச் சொன்னாலும் முகம் சிரிக்கவில்லை. “நான் இருபது வருஷமா விபத்து விசாரிக்கிறேன். பட்டாலியன்ல ஒரு வண்டி கவுந்தா அதுல என்னென்ன ஏறும்னு எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு ஒரு காரணம் வேணும். கையெழுத்தோட வேணும். ரெண்டு மணிக்கு ஹெலிகாப்டர் வருது, நான் போயாகணும்.”

அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பட்டியல் பொய் என்றால் பட்டாலியனின் எல்லாப் படிவமும் சந்தேகம். ஆள் வந்து எண்ணி முடிக்கும்வரை ஒரு குண்டூசி கூட மேலே வராது, அது சட்டம். பட்டியல் உண்மை என்றால் அதிக பாரம். அதிக பாரம் என்றால் டிரைவர் குற்றம். பாரம் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. தன் குற்றத்தால் செத்தவருக்குக் குடும்பப் பென்ஷன் கிடையாது, அறுபது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

“அவர் மேல குத்தம் இல்லாம இருக்க வழியே இல்லையா சார்?”

“ஒண்ணு இருக்கு. பாரம் ஜாஸ்தி, எடுக்க மாட்டேன்னு அவர் மறுத்திருக்கணும். மேல இருக்கறவர் கட்டாயப்படுத்தி அனுப்பியிருக்கணும். அப்படின்னா அனுப்பினவர் மேல குத்தம்.” மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க அவருக்கு மேல இருந்து வண்டி அனுப்பறவர் யாரு?”

பூட்டுக்காரர் வெளியே வந்தார். நேராகக் கர்னலிடம் போனார். கேப்டனும் அங்கே இருந்தார். நடந்ததைச் சொன்னார். “உண்மையச் சொல்லிடுவோம் சார்” என்றார்.

கேப்டன் குறுக்கிட்டார். “சொன்னா சப்ளை நின்னுடும். எண்ண ஒரு கூட்டமே வரும், அதுக்கெல்லாம் ஹெலிகாப்டர் தர மாட்டாங்க. பாதை எங்க இருக்கு? பாதை வர இன்னும் பத்து நாளாவது ஆகும். போஸ்ட்டுல இருக்கற பேட்டரி ஆறு நாள் தாங்கும். அதுக்கப்புறம்?”

“அப்ப ஹாரன் குடும்பம் தெருவுல நிக்கட்டுமா?”

“நான் அப்படிச் சொல்லலையே” என்றார் கேப்டன். வேறு எப்படி என்று அவரும் சொல்லவில்லை. கர்னல் எழுந்து வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். பூட்டுக்காரர் அப்போது வந்த ஆத்திரத்தில் அந்த வரைபடத்தைக் கிழித்துச் சுருட்டி அவர் கையில் கொடுத்திருப்பார். சல்யூட் அடித்துவிட்டு வெளியேறினார்.

சுற்றிச் சுற்றி நடந்தார். முகட்டின் நீளமே அறுநூறு அடி. எந்தப் பக்கம் போனாலும் பள்ளம். சமையல் கூடாரத்தில் எட்டிப் பார்த்து, மாவு எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டார். எட்டு நாள் என்றார் சமையல்காரர். ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்தால் பத்து. அண்டாவைப் பற்றி இருவரும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த நானூறு வயிறு. வாயை மூடிக்கொண்டால் ஹாரனின் இரண்டு பெண்கள். மூன்றாவது வழியில் அவர் ஒருவர் மட்டும். பென்ஷனுக்கு இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி. ஜெயிலுக்குப் பயந்தார், தன் மனைவி என்ன சொல்வாள் என்று பயந்தார். எல்லாவற்றையும்விட, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் முகத்துக்குப் பயந்தார். அடுப்பில் போட்ட சீட்டு இருந்திருந்தால் ஹாரனையாவது காப்பாற்றியிருக்கலாமே என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்.

ஒன்றரை மணிக்கு ஸ்டோருக்குத் திரும்பி வந்து காகிதம் கேட்டார். எழுதினார். பாரத்தை நான்தான் ஏற்றினேன். அதிகம் என்று டிரைவர் சொன்னார். எடுக்க மறுத்தார். நான் உத்தரவு போட்டு அனுப்பினேன்.

மேஜர் இரண்டு தடவை படித்தார். “இது நெஜமா?”

“கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்.”

“கோர்ட்டுல நிறுத்துவாங்க. ஒரு சாவுக்கு நீங்கதான் காரணம்னு தீர்ப்பு வரும். இருபத்து மூணு வருஷ சர்வீஸ் போயிடும். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

மேஜர் காகிதத்தைத் திருப்பி நீட்டினார். “உத்தரவு போட்டேன்னா மட்டும் பத்தாது. ரெண்டாவது தடவையும் மறுத்தார், மெரட்டி அனுப்பினேன்னு இருக்கணும். இல்லன்னா அவரும் ஒத்துக்கிட்டுப் போனதா ஆயிடும், பென்ஷன் நிக்காது.”

பூட்டுக்காரர் அதையும் எழுதினார். மிரட்டினேன் என்ற வார்த்தையை எழுதும்போது பேனா காகிதத்தில் குத்தி நின்றது. ஹெலிகாப்டர் சத்தம் மேலே கேட்டது.

பத்தே நாளில் பாதை திறக்கும் என்றார்களே, இருபது நாள் ஆயிற்று. அதற்குள் சாவிகளை வேறொருவர் வாங்கிக்கொண்டார். முன் போஸ்ட்டிலிருந்து அந்தப் பதினான்கு பேரும் மாற்றலாகி வந்தார்கள். தன் டிரைவரை மிரட்டிச் சாகடித்த சார்ஜென்ட் என்று அவர்களிடமும் யாரோ சொல்லியிருந்தார்கள். டீ வரிசையில் அவருக்கு இடம் விடாமல் நின்றார்கள். உண்மை தெரிந்த ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் டீயைக் குடித்தார்கள். ஒருவராவது வாயைத் திறப்பார் என்று அவர் எதிர்பார்த்தாரா? எதிர்பார்த்தார். மனுஷன்தானே.

போன் கம்பி வந்த அன்று காலை வயர்லெஸ் கூடாரத்துக்கு வெளியே நீள வரிசை. மறுநாள் அவரைக் காவலோடு கீழே கொண்டுபோக உத்தரவு வந்திருந்தது. வீட்டுக்குப் பேச அவரும் வரிசையில் நின்றார். அவர் முறை வருவதற்குள் போன் தானாக அடித்தது. எடுத்த ஆள் கேட்டுவிட்டு, அவரைப் பார்த்துக் கையை நீட்டினான்.

“நான்தான் பேசறேன்” என்றாள் ஹாரனின் மனைவி. எப்போதும் முதலில் வரும் அண்ணே வரவில்லை.

“சொல்லும்மா.”

“பேப்பர் வந்துச்சு. வீட்டக் காலி பண்ண வேணாமாம். பென்ஷன் வருமாம்.”

“சந்தோஷம்மா.”

“அதுல ஒண்ணு போட்டிருக்கு. பாரம் ஜாஸ்தி, போக மாட்டேன்னு அவர் சொன்னாராமே. ரெண்டு தடவ சொன்னாராமே. நெஜமா?”

வரிசையில் இருபது பேர். உள்ளே கேப்டன் ஏதோ காகிதத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“நெஜந்தாம்மா.”

“அவர் வாயால என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க. புள்ளைங்க கேக்குதுங்க.”

ஹாரன் கடைசியாகச் சொன்னது பூட்டுக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சாயங்காலம் வந்துடுவேன், எனக்கும் சேத்து டீ போட்டு வைங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையை அவளுக்குக் கொடுக்க அவருக்கு எத்தனை ஆசையாக இருந்தது! கொடுத்தால் அவள் கையில் இருக்கும் பேப்பர் செல்லாக் காகிதம்.

“எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, இந்தப் பாரத்தோட எறங்க மாட்டேன்னு சொன்னாரும்மா” என்றார்.

“அதக் கேட்டுட்டா அனுப்பினீங்க?”

“ஆமா.”

“எங்க வீட்டுல எத்தன நாள் சாப்ட்டிருக்கீங்க” என்றாள் அவள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

வரிசையில் அடுத்து நின்றவன் ரிசீவருக்காகக் கையை நீட்டினான். பூட்டுக்காரர் அதைக் கொடுக்காமல், அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி, காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.